அடிக்குறிப்பு

முதல் அத்தியாயம் புவியியல்.
அடுத்தது நிர்வாகம்.
மூன்றாவது மக்கள்தொகை.
ஆண்டுதோறும் இதே வரிசை,
அட்டைக்கு மட்டும் புதுப் படம்.
போன தடவை ஆமை.

அலுவலகச் சுவரில் செலாயார் மாவட்டம்:
மீன் தின்றவன் தட்டோரம் ஒதுக்கிய நடுமுள் போல
வடக்குத் தெற்காக ஒரு பெரிய தீவு.
தெற்கே சிதறிக் கிடப்பவை
அவன் துப்பியவை.
பெந்தெங் நகரத்துக்கு மேசை, மின்விசிறி, ஆஸ்பத்திரி.
துப்பியவற்றுக்குப் படகு.

நான் ஒப்பந்த ஊழியர், நுர்ஹிந்தி.
அடையாள அட்டையின் கயிறு
உப்பில் விறைத்துப்போய்விட்டது.
மேற்குக் காற்று எழ ஒன்பது நாள் இருக்கையில்
பாசி ராம்பேக்கு அனுப்பினார்கள்.
(தேட வேண்டாம்.
கடல் வரைபடத்தில் அந்த இடத்தில்
ஒரு கூட்டல்குறிகூட இல்லை.)

படகோட்டி லாஜ்ஜுவிடம் கேட்டேன்:
உங்கள் ஊராட்சியில் எத்தனை தீவு?
இயந்திரத்தின் காதைத் திருகி நிறுத்திவிட்டு
அவன் திருப்பிக் கேட்டான்:
எப்போது?

எப்போது என்றால்?
காலையிலா, மதியத்திலா,
அமாவாசைக்கா, எட்டாம் பிறைக்கா?
இப்போது ஏழு.
நீங்கள் சோறு தின்று கைகழுவும்போது நான்கு.

ஓதம் உச்சிக்கு ஏறினாலும்
தலை நனையாமல் நிற்பதே தீவு
என்று விதியை வாசித்துக் காட்டினேன்.
அப்படியானால் ஹாஜி மப்பாசே
கடல்பாசி காயப்போடும் அந்த மேடு?
அதற்கு வரி கட்டுகிறாரே, என்றான்.
வரி வேறு துறை.

பதினோரு வீடு.
நேற்றிரவு இங்கே தூங்கியவர்கள் யார்?
படிவத்தில் கேள்வி அப்படித்தான் இருக்கிறது.
யாரும் தூங்கவில்லையாம்.
மீன் கூட்டம் வந்திருந்தது, ஊரே வலையில்.
பாயில் கிடந்தது இரண்டு குழந்தைகளும்
காய்ச்சல்கார சலேஹும்.
விதிப்படி மக்கள்தொகை மூன்று.
நாற்பத்து மூன்று என்று எழுதினேன்.

ஊராட்சித் தலைவர் தெம்மாலோங்கி
முத்திரையைப் பால்பவுடர் டப்பாவில்
அரிசிக்குள் புதைத்து வைத்திருக்கிறார்,
ஈரம் பிடிக்காமலிருக்க.
குத்தினார்.
வட்டத்துக்குள் ஊர்ப்பெயர்,
அதன் நடுவே
ஓர் அரிசி அளவுக்கு வெள்ளை.

திரும்பும்போது ஹஸ்னாவே ஏறினாள்.
நிறைமாதம்.
ஒரு பகலும் பாதி இரவும் பெந்தெங்குக்கு.
காலி எண்ணெய் டின்கள், கருவாட்டு மூட்டை,
அவள், அவள் நாத்தனார், நான்.
வலி முந்திக்கொண்டது.
விளக்கைப் பிடி என்றார்கள், பிடித்தேன்.
எனக்குத் தந்த இரண்டு நாள் பயிற்சியில்
இது வரவில்லை.
லாஜ்ஜு இயந்திரத்தை அணைத்துவிட்டு
முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான்.
பிறகு அவனே காதில் பாங்கு சொன்னான்,
டீசல் நாறும் கையால் தலையைத் தொடாமல்.
பெண்.

பிறந்த இடம்? ஒன்றியம்? ஊராட்சி?
படகு இழுபட்டுக்கொண்டிருந்தது.
கேட்கும்போது ஓர் ஒன்றியம்,
எழுதப் போகும்போது இன்னொன்று.
பேனாவை மூடினேன்.
எண்ணை மட்டும் திருத்தினேன்: நாற்பத்து நான்கு.

பிரிவுத் தலைவர் பாத்தாஹுதீன்
மக்கள்தொகையைத் தாண்டிப் போய்விட்டார்.
தீவுகளில் விரல் நின்றது.
போன ஆண்டோடு ஒத்துப்போகட்டும் என்றார்.
குறைந்தால் மக்காசாரிலிருந்து கடிதம் வரும்,
கூடினால் ஜகார்த்தாவிலிருந்து ஆளே வருவார்கள்.
மாலைக் காப்பிக்குப் பிறகு இளகி
ஒரு நட்சத்திரக்குறிக்கு ஒப்புக்கொண்டார்,
பக்கத்தின் அடியில், எறும்பு எழுத்தில்.

புத்தகம் வந்துவிட்டது.
அட்டையில் சூரிய அஸ்தமனம்.
அச்சுக் கோத்த யாருடைய விரலோ
ஒரு வரி கீழே வழுக்கியிருக்கிறது.
தீவுகள்: 7.
அதில் ஒரு சந்தேகமும் இல்லை.
நட்சத்திரம் அடுத்த வரியில் நிற்கிறது.
திருத்தச் சொல்லி நான் மனுக் கொடுக்கவில்லை.

மக்கள்தொகை: 44*

* நீர் வற்றியிருந்தபோது எண்ணியது.