மின்தடை அறிவிப்பு

கண்ணைத் திருப்பினால் கேட்கிறது என்றார்.
என்ன கேட்கிறது?
"கண்ணு திரும்பறதுதானுங்."

ஓதிச்சாமி, நாற்பத்தாறு வயது.
சோமனூருக்குத் தெற்கே ஆறு தறி, கூலிக்கு நெசவு.
கூலி உயர்வு கேட்டுத் தறிகள் நின்ற
பதினோராம் நாள் ராத்திரி
முதன்முதலாகக் கேட்டதாம்,
ஈரச் சாக்கைச் சிமெண்டுத் தரையில் இழுப்பதுபோல.
இடது பக்கம் பார்த்தால் ஓர் இழுப்பு,
வலது பக்கம் பார்த்தால் ஓர் இழுப்பு.
எலியென்று நினைத்து
நூல் மூட்டைகளை எல்லாம் நகர்த்தியிருக்கிறார்.
தேடத் தேடச் சத்தம் கூடியது.
கண்ணை உருட்டாமல் எப்படித் தேடுவது?

என்னிடம் வருமுன் மூன்று பேரைப் பார்த்துவிட்டார்கள்.
ஒருவர் அழுக்கெடுத்தார்.
ஒருவர் தூக்க மாத்திரை.
மூன்றாமவர் எழுதிய சீட்டில் மனநலப் பிரிவு என்றிருந்தது.
அதை நாலாய் மடித்து மணிபர்சில் வைத்திருந்த
வேலாத்தாள் சொன்னாள்:
"இவருக்குக் கிறுக்கில்லீங் டாக்டர்.
மீட்டர் கணக்குக் கேட்டுப் பாருங்,
ஒத்தப் பைசா தப்பாது."

இசைக்கவையைத் தட்டி
அவர் கணுக்காலில் வைத்தேன்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு வலது கை தானாக எழுந்து
வலது காதைப் பொத்தியது.
என் கை சிலிர்த்தது.
நல்லவேளை, கோட்டுக்கு முழுக்கை.

ஸ்கேன் அறையில் ரெஜினா
அரை மில்லிமீட்டர் அரை மில்லிமீட்டராக
எலும்பை அரிந்து திரையில் போட்டுக்கொண்டே போனாள்.
உள்காதுக்கு இரண்டு சன்னல்கள், என்று நான் தொடங்கினேன்,
உங்களுக்கு மேலே மூன்றாவதாக ஒன்று...
அவர் கேட்கவில்லை. திரையருகே குனிந்திருந்தார்.
"சன்னலெல்லாம் இல்லீங்.
இங்க ஓர் இழை விட்டுப்போச்சு."
நான் அம்புக்குறியைக் கொண்டுபோகுமுன்
அவர் விரல் அங்கே இருந்தது.
மூன்று புள்ளி இரண்டு மில்லிமீட்டர்.

தறிச் சத்தத்தில் தலை சுற்றுமா?
"இல்லீங்."
தறி ஓடும்போது இது கேட்குமா?
"ஓடுனா எதுங் கேக்குது?
இருவத்திரண்டு வருசமா ஓடிட்டேதானுங் இருந்துது."

ஆய்விதழுக்கான படிவத்தில் ஒரு கட்டம்:
அறிகுறிகள் எத்தனை நாளாக.
பதினேழு நாள் என்று எழுதினேன்.
அடித்தேன்.
இருபத்திரண்டு ஆண்டு என்று எழுதி
அதையும் அடித்தேன்.

ஒப்புதல் தாளை இரண்டு முறை படித்தார்.
"பேரு வராதுங்களா?"
வராது. நாற்பத்தாறு வயது ஆண், விசைத்தறித் தொழிலாளி, அவ்வளவுதான்.
"ஊரு?"
தென்னிந்தியா.
"அதாரு தேடி வரப்போறாங்க" என்று கையெழுத்துப் போட்டார்,
பேரை முழுசாக, இனிஷியலோடு.

மண்டையைத் திறந்து அடைக்கலாம்.
ஆறு வாரம் ஓய்வு.
வலது காது கொஞ்சம் மந்தமாகலாம்.
வேலாத்தாள் அவர் முகத்தைப் பார்த்தாள்.
அவர் விட்டத்தைப் பார்த்தார், பிறகு என்னை.
அப்போது அவருக்குக் கேட்டிருக்கும்.
"யோசிச்சுட்டு வர்றனுங்."

முப்பத்தெட்டாம் நாள் கூலி படிந்து
தறிகள் ஓடத் தொடங்கின.
கொடுத்த தேதியில் வரவில்லை. அடுத்ததிலும்.
போன் செய்தேன்.
எடுத்தார். எனக்குக் கேட்டதெல்லாம்
ஆறு தறியும் ஒன்றாக அடிப்பது.
நடுவில் எங்கோ,
"நல்லாருக்கனுங் டாக்டர்! பாவு ஏத்தியிருக்குது!"

தொடர் சிகிச்சைக்கு வரவில்லை என்று
கட்டுரையை முடித்து அனுப்பிவிட்டேன்.
இரவில் சில நாள்
விளக்கணைத்துப் படுத்துக்கொண்டு
கண்ணை இடமும் வலமும் உருட்டிப் பார்க்கிறேன்.
ஒன்றும் கேட்பதில்லை.
ஃபேனை நிறுத்தியும் பார்த்தாயிற்று.

இன்றைய பேப்பரில் ஆறாம் பக்கம்,
துணை மின்நிலையப் பராமரிப்பு:
நாளை காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை
கீழ்க்கண்ட பகுதிகளில் மின்சாரம் இருக்காது.
சோமனூர், கருமத்தம்பட்டி, சாமளாபுரம்...