மனப்பாடம்

ஞாயிற்றுக்கிழமை புதுநன்மை.
அதற்குள் பத்துக் கட்டளையும்
தட்டாமல் தடுக்காமல் சொல்லவேண்டும் என்று
சிஸ்டர் கண்டிப்பு.
ஆறாவதில் ஜோவிட்டா வேகமெடுப்பாள்,
அர்த்தம் கேட்டுவிடுவாளோ என்று
நானும் கூடவே ஓடுவேன்.

நேற்று ஏழாவதில் நின்றுவிட்டாள்.
"களவு செய்யாதே.
அம்மா, அட்டை களவா?"

எந்த அட்டை, என்றேன்
வெங்காயத்தை உரித்தபடி.
"கடலட்டை. அண்ணன் போன்ல பேசுச்சு.
சும்மா கடல்ல கெடக்குறதுதான,
அது யாரோடதும்மா?"

தூரத்தில் பாம்பன் பாலத்தில்
ரயில் ஏறுகிற சத்தம்.
அது போய் முடியட்டும் என்று இருந்தேன்.
முடிந்தது.
அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மண்டபம் நண்டுக் கம்பெனியில்
ஓடு உடைத்துச் சதை எடுத்தால்
நாளைக்கு முந்நூற்றைம்பது எனக்கு.
ரெக்ஸ்டனுக்குப் பத்தொன்பது வயசு.
தடைக்காலம் முடிந்த மாசம் நாற்பதாயிரத்துக்கு போன்,
அடுத்த மாசம் பைக்,
அதற்கடுத்து எனக்குக் கம்மல்.
எங்கிருந்துடா என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை.
கம்மலைக் கண்ணாடியில் ரெண்டுதரம் பார்த்தேன்.

அந்தக் காதோடுதான்
பாவசங்கீர்த்தனத்தில் முட்டி போட்டேன்.
கோபப்பட்டேன் சாமி, பொறணி பேசினேன் சாமி,
ஒரு வெள்ளிக்கிழமை கோழிக் குழம்பு ருசி பார்த்தேன் சாமி.
சில்லறையை எல்லாம் எண்ணிக் கொடுத்துவிட்டு
நோட்டை மடியிலேயே வைத்துக்கொண்டு
எழுந்து வந்தேன்.

ஜாமீனில் வந்த ஃபெலிசியானுக்கு
ரோட்டு முக்கில் ஆயிரம்வாலா வெடித்தார்கள்.
கொடிமரத்துப் பித்தளைக் கவசம் அவன் உபயம்,
பெயர் பெரிசாக, அர்ச்சிஷ்டவர் பெயர் சிறிசாக.
பெண் கேட்டுப் போனால்
பையன் பூசைக்குப் போவானா என்பார்கள் முன்னே.
இப்போது, எத்தனை எஞ்சின்?

முன்னே மட்டும் என்ன.
தாய்மாமன் தொம்மை
ராத்திரியோடு ராத்திரியாகக் கொண்டுவந்த
சிலோன் சவுக்காரத்தில்தான் நாங்கள் குளித்தோம்.
அந்த வாசத்தோடுதான் கோவிலுக்குப் போனோம்.
ஆனால் மாமா
கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் நிற்பார்.
வெட்கம் என்று ஒரு சாமான் அப்போது வீட்டில் இருந்தது.
எந்தப் பண்டிகைக்கு யாருக்கு இரவல் கொடுத்தோமோ,
திரும்பி வரவில்லை.

அட்டையோடு நின்றிருந்தால்கூட
ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.
போன வாரம் துவைக்கப் போட்ட சட்டைப்பையில்
கற்கண்டு மாதிரி ஒரு பொட்டலம்.
அடுத்த தெரு பெர்க்மான்ஸின் மகன்
பதினேழு வயசில் ஐஸில் வைத்த மீன்போல முழிக்கிறானே,
அது இதுதானா?
திரும்ப அதே பையில் வைத்து
சட்டையைத் துவைக்காமல்
ஆணியில் மாட்டினேன்.
மாட்டினேன். அவ்வளவுதான் செய்தேன்.

செவ்வாய்க்கிழமை மரைன் போலீஸ் வந்து
ராத்திரி மகன் எங்கே என்றது.
காய்ச்சல் சார், உள்ளேதான் படுத்திருந்தான்.
பதினொரு வருசம் முன்னே வல்லத்தோடு போன
அவன் அப்பா படத்துக்கு நேர் கீழே நின்று
தட்டாமல் தடுக்காமல்
சொன்னேன்.

"களவாம்மா?"

களவுதான், என்றேன்.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.
ரெக்ஸ்டன் வாசல்படியில் வந்து நின்றான்,
பாதத்தில் இன்னும் மணல்.
என்னம்மா சொன்ன, என்றான்.

களவுன்னு சொன்னேன். இதையும் சேர்த்து.

கம்மலைக் கழற்றினேன்.
உப்புக் காற்றில் திருகு இறுகி
ஒன்றுதான் வந்தது.
மற்றது காதிலேயே கிடக்க
கழன்றதை நீட்டிக்கொண்டு நின்றேன்.
அவன் வாங்கவும் இல்லை, போகவும் இல்லை.

ஜோவிட்டா கண்ணை மூடிக்கொண்டு
அடுத்ததற்குப் போய்விட்டாள்:
"எட்டு. பொய்ச்சாட்சி..."

மெதுவாச் சொல்லு, என்றேன்.