களவெட்டிப் பேச்சு

களவெட்டியில் நெல்லை நெல் என்பதில்லை.
பொலி.
எருமை என்பதில்லை, வாரிக்காலன்.
பேர் சொன்னால் பூதம் கேட்டுவிடும்,
விடியமுன் குவியல் இறங்கிவிடும்.

அந்த வருசம் பழுகாமத்து வட்டைக்கு
முதலில் வந்தது கண்டிப் படை.
யானை இரண்டு, காலெல்லாம் அட்டைக்கடி.
எங்கட ராசாட மண் என்று
நாற்பது அவணம் அளந்து போனார்கள்.

மறுகா எட்டாம் நாள்
வாவி கடந்து பறங்கி வந்தான்.
புளியந்தீவுக் கோட்டைக்குக் கல் சுமக்க
கதிராமப்போடியின் மக்கள் இருவரையும்
வள்ளத்தில் ஏற்றினான்.
அவன்ட எல்லை நம்மட வாய்க்கால் வரைக்குமாம்.
கண்டியானுக்கும் அதே வாய்க்கால்தான்.

மடை கட்டிக் குனிந்தே கிடந்தவன் நான்.
முழங்கால் தண்ணீரும்
நாலு பனையான் மீனும் தவிர
அதற்குள் ஒன்றும் கண்டதில்லை.

மூன்றாம் முறை யார் வந்தார்களோ தெரியாது.
சூட்டுக்கு நெருப்பு வைத்துவிட்டே போனார்கள்.

அந்த வெளிச்சத்தில் மிச்சத்தைக் கூட்டினோம்.
பழக்கத்தில் ஒருவன் "பொலி, பொலி" என்றான்.
பிறகு அவனே வாயைப் பொத்திக்கொண்டான்.

ஒரு மரைக்கால் தேறியது, பாதி கரி.
கையில் அள்ளி
நெல் என்றேன்.
இன்னும் சத்தமாய், காட்டுப்பக்கம் திரும்பி,
நெல்.

ஒரு பூதமும் வரவில்லை.