காலி எடை

சோள லாரிகள் எடைமேடை ஏறும் டிசம்பர்.
வெளியே மைனஸ் பதினொன்று.
உள்ளே என் ஹீட்டரைச் சுற்றி
மூன்று ஆண்கள், ஒரு ரொஸெல்லா,
யாரும் நேரில் பார்த்திராத
இருபத்திரண்டு பையன்கள்.

இன்று கையெழுத்து நாள்.
பள்ளி முடிக்கப்போகும் பிள்ளைகள்
எந்தக் கல்லூரிக்கு ஆடுவோம் என்று
எழுதிக் கொடுக்கும் புதன்கிழமை.
அரசு விடுமுறை விடவில்லை,
அவ்வளவுதான்.

"ஆறடி அஞ்சங்குலம். முந்நூத்திப் பன்னெண்டு பவுண்டு"
என்கிறார் ஓர்வல்.
விற்கப்போகும் காளைக்குக்கூட
இத்தனை துல்லியமாய்ச் சொன்னதில்லை.
"நாலு நட்சத்திரம்!"
எந்த நட்சத்திரம் என்று யாரும் கேட்பதில்லை இங்கே,
எத்தனை என்பதில்தான் பொருத்தம்.

டேவியன் லாஃப்டன்.
டெக்சஸில் ஏதோ ஓர் ஊர்.
பந்தெறிபவனின் குருட்டுப் பக்கத்தில்
சுவராக நிற்கப்போகிறவன்.
அவன் ஆடிய துண்டுப் படத்தை
நாற்பது முறை பார்த்திருக்கிறார் ஓர்வல்.
"இடது காலை முதல்ல வைக்கிறான் பாரு."
"தூங்கி வழியுறான்" என்கிறார் மெர்ட்டன்.
"உன் மாப்பிள்ளையவிட வேகம்தான்" என்கிறாள் ரொஸெல்லா.
ஹீட்டர் மட்டும் பேசுகிறது கொஞ்ச நேரம்.

நானும் பார்த்தேன் அந்தப் படத்தை.
விசில் ஊதி எல்லோரும் திரும்பியபின்
தான் வீழ்த்தியவனுக்குக் கை நீட்டுகிறான்.
அவன் பிடிக்கவில்லை.
நீட்டிய கை அப்படியே கொஞ்சம் நின்று
தன் தலைக்கவசத்தைச் சொறிகிறது.
அதற்கு நட்சத்திரம் இல்லை.

பட்டியலின் கடைசி வரியில்
டோபின் ஹ்ராபக் என்றொரு பையன்.
பக்கத்து மாவட்டம். நூற்று அறுபத்தாறு பவுண்டு.
பந்தை உதைப்பவன்.
எங்கள் கால்பந்தில் காலுக்கு வேலை குறைவு,
உதைப்பவனைப் பற்றிப் பேச்சும் குறைவு.
"ஹ்ரா..." என்று தொடங்கிய மெர்ட்டன்
காபி குடிக்கப் போய்விட்டார்.

பத்து மணி இருபது நிமிடம்.
மேசைமேல் மூன்று தொப்பிகள்.
டேவியனின் அம்மா ஊதாச் சட்டையில்
யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறாள்.
பையன் கை எங்கள் சிவப்புக்கு மேலே வந்து,
ஓர்வலின் மூச்சுக்கு மேலே வந்து,
தாண்டிப்போய்
பச்சையை எடுத்து மாட்டிக்கொண்டது.

"அவனுக்குக் கால் மெதுவுதான்" என்றார் மெர்ட்டன்
நாலாவது நொடியில்.
"முழங்கால்ல ஏதோ இருக்குன்னு அப்பவே சொன்னேன்" என்றாள் ரொஸெல்லா.
சொல்லவில்லை.
வருகிற நாலு வருடத்தின் நவம்பர்கள் அனைத்தையும்
அந்த அறையில் தோற்று முடித்தோம்.
அறுபத்து மூன்று வயது ஓர்வல்
பதினேழு வயதுப் பையனிடம் கோபித்துக்கொண்டு
கையுறை மாட்டி வெளியே போனார்.

என் வேலை எளிது.
நிறைந்த லாரியை ஒரு முறை நிறுப்பேன்,
கொட்டிவிட்டு வந்ததும் ஒரு முறை.
கழித்தால் சோளம்.
இரண்டு முறையும் ஓட்டுநர் உள்ளே இருக்கவேண்டும்,
அல்லது இரண்டு முறையும் வெளியே.
காலையில் நிறுத்தபோது
ஓர்வல் இங்கே ஹீட்டரருகே நின்றிருந்தார்,
முந்நூற்றுப் பன்னிரண்டு பவுண்டு
என்று சொல்லிக்கொண்டு.

இப்போது காலி லாரி மேடையில்.
அவர் இறங்கவில்லை.
ஸ்டியரிங்கைப் பிடித்தபடி
நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்,
பார்க்க அங்கே பனியைத் தவிர எதுவுமில்லை.

மைக்கை அழுத்தினேன்.
"இறங்குங்க ஓர்வல். இல்லேன்னா
உங்க எடையளவுக்கு சோளம் நஷ்டம்.
நாலு புஷல்."

"இருக்கட்டும்."

அச்சு இயந்திரம் சீட்டைத் துப்பியது.
வாங்கிக்கொள்ளக் கண்ணாடியை இறக்கினார்.
குளிர் உள்ளே போயிருக்கும்,
ஏற்றவில்லை.

"அந்த உதைக்கிற பையன்..." என்றார்.
"பேரு எப்படிச் சொல்லணும்?"