கலங்கல்

கடலூர் மண் ஆய்வுக்கூடத்தில்
நேற்று மாலை கலக்கி வைத்த கண்ணாடிக் கோப்பை
இன்று காலையும் தெளியவில்லை.
பையின் மேல் எழுத்து: அஞ்சலாட்சி, புவனகிரி, ஒண்ணேகால் காணி.

களர்.
கருவி ஒன்பது புள்ளி நாலு என்றது.

அட்டை வாங்க வந்தவள் எண்ணைப் பார்க்கவில்லை.
"மழ விட்டு எட்டு நாளு சார்.
பக்கத்து வயல்ல நாத்து வேர் புடிச்சிடுச்சி.
எங்க வயல்ல இன்னும் கொக்கு மொகம் பாக்குது.
வத்தினா வெள்ள பூக்கும், நடுநடுவுல
எண்ண சிந்துனாப்புல கறுப்பு.
கடப்பாரய போட்டா ணங்குங்குது.
ஒரு சாணுக்குக் கீழ ஈரமே இல்ல.
அத்தன தண்ணியும் எங்கதான் நின்னுச்சி?"

தலைமேல், என்றேன்.
உவர் மண்ணை அவிழ்த்துவிட்டது;
அவிழ்ந்த துகள்
தன் துளைகளைத் தானே அடைத்துக்கொண்டது.

ஒரு சிட்டிகை ஜிப்சம் போட்டுக் கலக்கினேன்.
டீ குடித்துத் திரும்புவதற்குள்
மண் அடியில்,
மேலே தண்ணீர்.

குனிந்து பார்த்தாள், நெடுநேரம்.
"கோப்பைக்குச் சிட்டிகை. காணிக்கு?"
மூட்டைக் கணக்கைச் சொன்னேன்.
உப்பு வடிய வாய்க்காலும் வேண்டும் என்றேன்.

"அது எங் கொழுந்தன் வயல் வழியாத்தான் போவணும்"
என்றவள்
கோப்பையை ஆடாமல் மேசையில் வைத்தாள்.