ஈரக் கழிவு

ஐப்பசி மழையில் பறித்த இலைக்கு
நூறு கிலோவுக்குப் பன்னிரண்டு கழிப்போம்.
பனிக்காலம் என்றால் நான்கு.
வெயிலில் வந்த மூட்டைக்கும் இரண்டு உண்டு,
கேட்டால் சாக்கின் எடை என்போம்.
கட்டபெட்டு ஃபாக்டரியில் ஒன்பது வருடமாகத்
தராசின் சிவப்பு எண்ணைப் படிக்கிறவள் நான்.
மூட்டைக்குள் கையை விட்டால் போதும்,
எவ்வளவு இலை, எவ்வளவு தண்ணீர் என்று
விரல் சொல்லிவிடும்.

இந்தக் கம்பெனிக்குள் எப்படிக் கையை விடுவது?

பத்து நிமிடத்தில் பாலும் பருப்பும் கொண்டுவருகிறவர்கள்.
விற்பனை மூன்று வருடத்தில் ஐந்து மடங்கு.
நஷ்டமும் வளர்ந்திருக்கிறது, கொஞ்சம் மெதுவாக;
அதைத்தான் லாபத்துக்கான பாதை என்று எழுதியிருக்கிறார்கள்.
பங்கு ஒன்று முந்நூற்றெண்பது,
முப்பத்தொன்பது சேர்ந்தால் ஒரு லாட்.
பதினாலாயிரத்து எண்ணூற்று இருபது ரூபாய்.
சீட்டு எடுத்த பணம் அப்படியே கணக்கில் கிடக்கிறது.
கீஸர் வாங்குவதாக இருந்தேன்.

நானூற்றுச் சொச்சம் பக்க அறிக்கையை
மூன்று ராத்திரி, போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு படித்தேன்.
இடர்கள் மட்டுமே அறுபது பக்கம்.
நடுவில் ஆப்பைத் திறந்து எங்கள் பின்கோடைப் போட்டேன்.
உங்கள் பகுதிக்கு இன்னும் வரவில்லை, விரைவில் சந்திப்போம்
என்று ஒரு பொம்மை கையாட்டியது.
எட்டிக்கூடப் பார்க்காதவனுக்குக் கடன் கொடுப்பதா?
எட்டிப் பார்க்காத ஊரெல்லாம்
இனிமேல் வளரப்போகிற ஊர்தானே?
விடிய விடிய இதே.

இருநூற்றுப் பதினாலாம் பக்கத்தில் ஓர் அட்டவணை.
ஒரு ஆர்டரைக் கொண்டுசேர்க்கும் செலவு
நாற்பத்தாறிலிருந்து முப்பத்தொன்பது.
பக்கத்தில் பச்சை அம்பு.

அந்த ஏழு ரூபாயை எனக்குத் தெரியும்.
சரவணம்பட்டியில் அவர்களுக்குத்தான் பைக் ஓட்டுகிறான்
என் தம்பி தவநேசன்.
போன தீபாவளிக்கு முதல் நாள் போன் பண்ணி,
"ரேட்டைக் குறைச்சுட்டாங்கக்கா,
இந்தத் தடவை மலைக்கு வரல" என்றானே,
அந்த ஏழு.

இன்று கடைசி நாள். ஐந்து மணி வரைதான்.
மூன்றரைக்கு, சிக்னல் கிடைக்கும் பாய்லர் சுவரோரம் நின்று
அவனைக் கூப்பிட்டேன். சொன்னதும் சிரித்தான்,
ஹெல்மெட்டுக்குள் சிரிக்கிற சிரிப்பு.
"போடுக்கா. இங்க ஆர்டர் பிச்சுக்கிட்டுப் போவுது.
லிஸ்டிங் அன்னிக்கே வித்துரு.
வச்சிருக்காத, என்ன?"
லிஃப்ட் வந்துவிட்டது போல.
வைத்துவிட்டான்.

நாலே முக்காலுக்கு போஜனின் ஜீப்.
பதினொரு மூட்டை, சொட்டச் சொட்ட.
கையை விட்டேன். நல்ல கொழுந்து, முற்றல் குறைவு.
நானூற்றுப் பதினெட்டு என்றது தராசு.
பன்னிரண்டு கழிவு என்றேன்.
விரல் சொன்னது பத்து.
அவர் மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்,
என்னைப் பார்க்கவில்லை.
ஆபீஸ் சுவரில் மாதக் கணக்கு ஒட்டியிருக்கிறது.
இலை வாங்கும் செலவு என்ற வரியில்
என் பங்குக்கும் ஓர் அம்பு இருக்கிறது,
அதே பச்சை.

ரசீதைக் கிழிக்கும்போது போன் அதிர்ந்தது.
பதினாலாயிரத்து எண்ணூற்று இருபது:
ஒப்புதலா, நிராகரிப்பா?
ஒப்புதலில்தான் வைத்தேன்.
விரலெல்லாம் இலை நீர்.
திரை என்னை எடுத்துக்கொள்ளவில்லை.
துப்பட்டாவில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன்.
துப்பட்டாவும் நனைந்திருந்தது.

நாலு ஐம்பத்தாறு.
போஜன் ரசீதுக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.