கடைசி எண்

எட்டு மணிக்கு வரச் சொன்னார் லீனஸ்.
ஆறரைக்கே தேங்காப்பட்டணம் துறைமுகத்தில் நின்றோம்.
பழைய வள்ளம் பார்க்கப் போகிறவர்கள்
விற்கிறவர் துடைத்துவைக்கும் முன் போய்ச் சேர வேண்டும்.

அவர் மகன் வலைமேல் உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தான்.
எஞ்சின் மூடியில் கை வைத்தேன்.
சூடு.
எங்களுக்கு முன்பே யாரோ அதை எழுப்பிவிட்டிருந்தார்கள்.
தூங்குகிறவனைத் திடீரென்று எழுப்பினால்தானே
இருமல் தெரியும்.

அடகுக்கடையில் கிடப்பது என் சங்கிலி.
அதனால் தட்டிப் பார்ப்பதும் நான்தான்.
எஞ்சினைச் சிரில் பார்க்கட்டும்,
அவனுக்கு அந்தச் சத்தம் பிடிக்கும்.

தடித்த பழைய ஐந்து ரூபாய்க் காசு ஒன்றை
இதற்கென்றே எடுத்து வந்திருந்தேன்.
அணியத்தில் ஆரம்பித்தேன்.
டண். டண்.
ஃபைபர் உறுதியாக இருந்தால் காசு பேசும்.
நடுவிலும் பேசியது.
அமரத்தில், எஞ்சின் மாட்டும் இடத்துக்கு ஒரு சாண் கீழே,
தொப்.
நனைந்த அரிசிமூட்டையைத் தட்டியதுபோல்.
கை தவறியிருக்கும் என்று மறுபடி தட்டினேன்.
தொப்.
உள்ளே பலகை தண்ணீர் குடித்திருக்கிறது.

'ரெண்டு வருசம்தாம்மா ஓடுனது' என்றார் லீனஸ்,
வந்ததும் வராததுமாக.
வலை இழுத்து இழுத்து விளிம்பில் விழுந்த பள்ளத்தில்
என் கட்டைவிரல் முழுசாக உட்கார்ந்துகொண்டது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
விரலை மட்டும் அங்கேயே வைத்திருந்தேன்.

புரட்டாசியில், மீன் படுகிற நேரத்தில்,
வள்ளத்தைக் கரையேற்றி யார் பெயின்ட் அடிப்பார்கள்?
நகத்தால் சுரண்டினேன்.
நீலத்துக்குக் கீழே பச்சை.
பச்சைக்குக் கீழே வேறொரு நீலம்.
அதற்கும் கீழே 'சகாய' என்று மூன்று எழுத்து.
பதிவுப் புத்தகத்திலோ புனித யூதா.

'பேரு மாறினா வள்ளம் மாறிருமா?'
மாறாது அண்ணே.
எண் மாறக் கூடாது.
புத்தகத்தில் கடைசி எண் மூன்று.
வள்ளத்தில் அது மூன்றா எட்டா,
பெயின்ட் வழிந்து இரண்டுமாக இருந்தது.
மானிய மண்ணெண்ணெய் முழுவதும்
அந்த ஒரு எண்ணின் வயிற்றுக்குள்தான் இருக்கிறது.

ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டேன்.
முட்டுவலி என்றார் அவர்.
விசா வந்துட்டு என்றான் மகன், அதே நேரத்தில்.
டீ கொண்டுவந்தவன்
எங்கள் நால்வர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு
கிளாஸை மட்டும் எண்ணிக் கொடுத்தான்.

'செரி, முகத்துவாரம் தாண்டி ஒரு சுற்றுப் போவோம்,
நீங்களும் வாங்க.'
வந்தார். மறுக்கவில்லை.
ஏறுவதற்கு முன்
வாட்சைக் கழற்றி, போனை எடுத்து,
சட்டைப்பையிலிருந்த பணத்தையும் எடுத்து
மகன் கையில் கொடுத்தார்.
தண்ணீர் தெறிக்கும், யாரும் செய்வதுதான்.
என்றாலும் கணக்கில் எழுதிக்கொண்டேன்.
என் போன் என் மடியில் இருந்தது,
மணல்திட்டின் மேல் அலை எங்களைத் தூக்கிப் போட்டபோதும்.

கிளம்பும் முன் அமரத்தடியைப்
பழந்துணியால் ஒட்டத் துடைத்திருந்தேன்.
திரும்பி வந்தபோது அங்கே ஒரு கோடு ஈரம்.
ஒரு கோடுதான்,
பென்சிலால் இழுத்த மாதிரி.

மூன்றேகால் லட்சம் என்றார்.
இரண்டு அறுபது என்றேன்.
'அமரப்பலகையை மட்டும் மாத்துனா
இன்னும் பத்து வருசம் கண்ண மூடிட்டு ஓட்டலாம்.'
ஆமாம். அந்தப் பலகைக்குத்தான் அறுபத்தைந்து குறைத்தேன்.
கண்ணை மூடுவதற்குத் தனியாக ஒன்றும் குறைக்கவில்லை.
முதல் முறையாகச் சிரித்தார் லீனஸ்.
அட்வான்ஸ் கேட்டார்.
மீன்துறை ஆபீஸில் கேட்டபிறகு என்றேன்.

கொட்டில்பாட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில்
என் நகத்துக்குள் புகுந்த நீலம்
எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.
மூன்றாகத்தான் இருக்கும் என்கிறான் சிரில்,
இது நாலாவது தடவை.
எஞ்சின் கொள்ளாம் என்கிறான்.